குற்றவாளி அந்தச் சின்னப் பெட்டிதான்

கேள்வி: ஸ்டார்ட்டர் பேக்காக ஓர் எலெக்ட்ரிக் கிடாரும் 10 வாட் ஆம்ப்பும் (ஒலிபெருக்கிப் பெட்டி) வாங்கினேன். டிஸ்டார்ஷன் பட்டனைத் தட்டினால், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இரைகிறது. முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் (கிடார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்) பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி கார்டு பிடித்தால் சுருதி சேர்வதில்லை. கடன் வாங்கியாவது அமெரிக்கக் கிடார் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். குறைந்த விலையில் உருப்படியானது எதுவுமே கிடையாதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வட்டியை யார் கட்டுவது என்று நண்பர்களிடம் கேட்டீர்களா? நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி நோய். ஒன்று ஆம்ப்பில் இருக்கிறது, இன்னொன்று கிடாரின் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சின்னப் பட்டையில். கிடாரை மாற்றினால் வண்டு அப்படியேதான் இரையும்.

டிஸ்டார்ஷன் என்பது ஒலியின் தலையை வெட்டுவது. வெட்டிய இடத்தில் கூரான மேல் அதிர்வுகள் ஏராளமாக முளைக்கும். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடுவதால் அந்தக் கூர்மையைத் தானே வடிகட்டிவிடுகிறது. பேக்கோடு வரும் 5, 6 அங்குல ஸ்பீக்கரில் அடித்தொனியும் இருக்காது, இந்த வடிகட்டலும் சரியாக நடக்காது. நம்பிக்கை வராவிட்டால் கிடாரை ஏதாவது ரிகர்சல் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய், 12 அங்குல ஆம்ப்பில் செருகி, டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்து வாசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வாட் முக்கியமில்லை, ஸ்பீக்கர்தான் முக்கியம். குறைந்தது 8 அங்குலம் பாருங்கள். ஃபெண்டர் சாம்பியன் 20, ஆரஞ்ச் க்ரஷ் 20 இரண்டும் அந்த அளவுதான். சாம்பியனில் டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் சத்தம் விலையை மீறி இனிக்கும். க்ரஷ்ஷின் கரகரப்பு ராக்குக்குத் தோது. வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10 ஒரு விதிவிலக்கு: 6.5 அங்குலம்தான், ஆனாலும் கெயினைக் கொஞ்சமாக ஏற்றினால் ஒலி அழகாகக் கரகரக்கும். பழையது வாங்கத் தயங்காதவர் என்றால் பீவி பேண்டிட் 112 தேடுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர், தூக்கினால் தோள் இறங்கும், லேசில் சாகாது. ட்யூப் (பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்) இல்லாத ஆம்ப் மட்டம் என்று யாராவது சொன்னால், 1975 முதல் மேடை மேடையாக நிற்கும் ரோலண்ட் ஜேசி-120-இலும் ட்யூப் கிடையாது என்று சொல்லுங்கள்.

இனி சுருதி. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட்டின் பள்ளம் உயரமாக இருக்கிறது. முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறிவிடும். விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை குறைந்த கிடார்களில் தொழிற்சாலை பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது இந்த வேலையில்தான். கம்பியின் தடிமனுக்கேற்ற நட் அரத்தால், பிருடை (கம்பியை முறுக்கும் திருகு) பக்கமாகச் சரித்து, நாலு தேய் தேய்த்ததும் ஒருமுறை அளந்து பாருங்கள். அதிகம் தேய்த்துவிட்டால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும். அப்படி ஆகிவிட்டால் பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, இறுகியபின் மறுபடி அராவலாம். கை நடுங்குகிறவர்கள் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது. கம்பியை விரலால் வளைத்து பெண்ட் செய்தபின் சுருதி இறங்கி நின்றால் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள்.

அப்படியே பிக்கப் (கம்பிக்குக் கீழே இருந்து அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) உயரத்தையும் பாருங்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்தினால், ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புக்கு மேல் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். நெருங்கிவிட்டால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். மேல் ஃபிரெட்டுகளில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து தள்ளாடும். எத்தனை முறை ட்யூன் செய்தாலும் தீராது. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், செலவே இல்லை.

இதற்குப் பிறகும் புதுக் கிடார்தான் வேண்டும் என்றால் யமஹா பசிஃபிகா 112வி. ஆல்டர் மர உடல், ஆல்னிகோ 5 காந்தம் வைத்த பிக்கப்புகள். டோன் குமிழை இழுத்தால் இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் சிங்கிள் காயிலாகப் பிரியும். இதைவிட விலை குறைந்த 012-இல் அந்தப் பிரிப்பு கிடையாது, கடையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபெண்டரின் மலிவுப் பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசை அடுத்தது. கோர்ட் என்ற கொரியக் கம்பெனியின் பெயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதீர்கள். அமெரிக்காவின் பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ எலெக்ட்ரிக் கிடார்களில் பெரும்பாலானவற்றை இந்தோனேசியாவின் சுரபயாவில் செய்துகொடுப்பது இவர்கள்தான்.

மரம்தான் ஒலி என்று பிரசங்கம் செய்பவர்களுக்கு டேனலெக்ட்ரோவைக் காட்டுங்கள். 1950-களில் மரச்சட்டத்தின் மேல் மேசோனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகையை ஒட்டி, லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப்பை வைத்து, மலிவு விலையில் விற்ற கிடார் அது. லெட் ஸெப்பெலின் ராக் குழுவின் ஜிம்மி பேஜ் அதை மேடையில் வாசித்தார்.

கடைசியாக ஒன்று. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்படவேண்டாம், கிடாரின் உள் வயரிங் சரியாக இருக்கிறது என்று பொருள். தொட்டதும் சுர்ரென்று ஷாக் அடித்தால் ஆம்ப்பின் பிளக்கை உடனே உருவிவிடுங்கள். வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா, ஆம்ப்பின் மூன்றாவது பின் முழுசாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தபிறகு வாசியுங்கள்.