மீட்டர் பழுதில்லை, கேட்பவர்தான் இருவர்

கேள்வி: எங்கள் நூற்பாலையில் 18 எனர்ஜி மீட்டர்களை ஆர்எஸ்-485 தகவல் கம்பியில் இணைத்து, மோட்பஸ் (கருவிகள் கேள்வி-பதிலாகத் தகவல் பரிமாறும் முறை) வழியாக அலுவலகக் கணினியில் அளவுகளைப் பார்த்து வந்தோம். கம்ப்ரசர் அறையில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவியான பி.எல்.சி.க்கும் அதே அளவுகள் தேவைப்பட்டதால், அதையும் அந்தக் கம்பியிலேயே சேர்த்தோம். அன்று முதல் இரண்டிலும் அளவுகள் விட்டுவிட்டே வருகின்றன; பி.எல்.சி.யில் வோல்டேஜ் 17254 என்று காட்டுகிறது. மீட்டர்கள் பழுதாகிவிட்டனவா?
— வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: மீட்டர்களைக் கழற்ற வேண்டாம். தொடர் கம்பியில் ஓடும் மோட்பஸ் ஆர்டியு முறையில் கேள்வி கேட்கும் மாஸ்டர் ஒன்றுதான் இருக்கலாம். மீட்டர்கள் தாமாகப் பேசுவதில்லை, தம் எண்ணைச் சொல்லிக் கேட்டால் மட்டுமே பதில் தரும். இப்போது கணினியும் பி.எல்.சி.யும் ஒன்றையொன்று அறியாமல் கேட்பதால், ஒன்றின் கேள்வி மற்றதற்கு வரும் பதிலின் மேல் விழுந்து இரண்டுமே சிதைகின்றன.

பி.எல்.சி.யில் ஈதர்நெட் போர்ட் இருந்தால், மோட்பஸ் டிசிபியிலிருந்து (ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ்) ஆர்டியுவுக்கு மாற்றும் கேட்வே என்ற இடைக்கருவி ஒன்றை வையுங்கள். மீட்டர் கம்பிக்கு அதுவே ஒரே மாஸ்டராக நின்று, மோட்பஸ் டிசிபிக்குரிய 502ஆம் எண் போர்ட்டில் வரும் இருவரின் கேள்விகளையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும். வந்ததை அப்படியே கடத்திவிடும் மலிவான கன்வெர்ட்டர்கள் இந்த வேலையைச் செய்யமாட்டா. கடையில் இதை அழுத்திக் கேட்டு வாங்குங்கள். ஈதர்நெட் இல்லையென்றால் பி.எல்.சி.யையே மாஸ்டராக்கி, கணினி அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

அந்த 17254ஐப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மீட்டர் தன் அளவை வைத்திருக்கும் இடமான மோட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றில் 16 பிட்தான் அடங்கும். 32 பிட் ஃப்ளோட் (தசம) எண்ணாக வரும் வோல்டேஜுக்கு அடுத்தடுத்த இரண்டு ரெஜிஸ்டர்கள் வேண்டும். 230 வோல்ட்டை அப்படி எழுதினால் முதல் ரெஜிஸ்டரில் 17254, இரண்டாவதில் 0. உங்கள் பி.எல்.சி. முதல் பாதியை மட்டும் முழு எண்ணாகப் படிக்கிறது. 229 வோல்ட்டுக்கு 17253, 231க்கு 17255 என்று அது அசைவதைக் கவனித்தால் உங்களுக்கே விளங்கும். இரண்டையும் சேர்த்து ஃப்ளோட்டாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்போதும் பொருந்தாத எண் வந்தால் இரு ரெஜிஸ்டர்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். மீட்டர் கையேட்டில் ரெஜிஸ்டர் எண் 40001 என்றிருப்பதைச் சில மென்பொருள்களில் 0 என்று கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேகத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 9600 பாட் ரேட்டில் (நொடிக்கு 9600 பிட்), 40 ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் வாங்கினால், ஒரு மீட்டருக்குக் கம்பியில் மட்டும் சுமார் 0.11 நொடி ஆகும்; 18 மீட்டர்களுக்கு ஏறத்தாழ 2 நொடி, மீட்டர் யோசிக்கும் நேரம் தனி. இருவரும் கேட்டால் இதுவே இரட்டிப்பாகும் என்பதால், நொடிக்கொரு முறை கேட்கும்படி பி.எல்.சி.யை அமைக்காதீர்கள்.

வழக்கமான மோட்பஸில் கடவுச்சொல் ஏற்பாடு கிடையாது. ஆகவே கேட்வேயில் வசதி இருந்தால், படிக்கும் கட்டளைகளை மட்டும் அனுமதித்து எழுதும் கட்டளைகளைத் தடுத்துவிடுங்கள், மீட்டரின் சி.டி. ரேஷியோவை (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் விகிதம்) யாராவது தவறுதலாக மாற்றிவிட்டால், யூனிட் கணக்கு மொத்தமும் தவறாகிவிடும்.