வெயிலும் வெள்ளைப் பொடியும்

கேள்வி: சார், ஒரு வீடியோல நீலக்கலர் தண்ணில வெள்ளைப் பொடி போட்டு வெயில்ல வெச்சாங்க, கொஞ்ச நேரத்துல கலரே காணோம். எங்க ஊர் சாயத்தண்ணிக்கும் இது ஆகுமா? - ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்தப் பொடி அநேகமா டைட்டானியம் டை ஆக்சைடு, பெயிண்டுக்கு வெள்ளை நிறம் குடுக்குதே, அதேதான். அதுமேல புற ஊதா ஒளி பட்டா தண்ணிலருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு ஒண்ணு உண்டாகும், பயங்கர முரடு, சாய மூலக்கூறு எது கிட்ட வந்தாலும் பிச்சு எறிஞ்சிரும், நேரம் குடுத்தா கடைசில கார்பன் டை ஆக்சைடும் தண்ணியுமா ஆக்கிரும், பொடி மட்டும் அப்படியே இருக்கும். ஜப்பான்ல ஃபுஜிஷிமா, ஹோண்டான்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1972-லயே இந்தப் பொருள் மேல ஒளி பட்டா தண்ணியே ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா பிரியுதுன்னு காட்டிட்டாங்க, ஆராய்ச்சி சூடு பிடிச்சது அதுக்கப்புறம்தான்.

ஆனா வீடியோவ நம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, பக்கத்துல பொடி போடாத பீக்கர் ஒண்ணு இருந்துச்சா? சில சாயம் வெயில்லயே வெளுத்துரும், சிலது பொடில ஒட்டிக்கிட்டு அடில போய் உக்காந்துரும், பாக்குறவங்களுக்கு ரெண்டுமே 'சுத்தமாயிடுச்சு'ன்னுதான் தெரியும்.

இன்னொண்ணு, இந்தப் பொடிக்கு 390 நானோமீட்டருக்குக் கீழ அலைநீளம் உள்ள ஒளி, அதாவது அந்தப் புற ஊதாதான் வேணும், வெயில்ல அது நூத்துக்கு அஞ்சு பங்கு கூட தேறாது. அதுவும் சாயப்பட்டறைலருந்து வர்ற கருகருன்னு இருக்குற தண்ணில அந்த ஒளி மேலாப்புலயே நின்னுரும், உள்ள போகாது. குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் வேற அந்த ரேடிக்கலை நடுவுலயே முழுங்கிரும். வேலை முடிஞ்சப்புறம் கண்ணுக்கே தெரியாத அளவு நைசான அந்த நானோ பொடிய வடிகட்டி எடுக்குறது தனி ரோதனை.

இதெல்லாத்தையும் விட, திருப்பூருக்குப் பெரிய தலைவலி கலர் இல்லீங்க, உப்பு! பருத்தித் துணில சாயம் ஏற கொட்டுற உப்பு அப்படியே தண்ணிலதான் நிக்கும், எந்த ரேடிக்கலும் அதை உடைக்காது. 2011-ல ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னப்புறம் எல்லாரும் ஆர்ஓ, எவாப்பரேட்டர் (தண்ணிய ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிற மெஷின்)னு போனது அதுக்காகத்தான். என்னைக் கேட்டா, ஆர்ஓவுக்கு முன்னாடியோ பின்னாடியோ மிச்சம் மீதி இருக்குற கெமிக்கலை உடைக்க இதை ஓரமா சேத்துக்கலாம், இதை மட்டும் வெச்சு பிளான்ட் போடலாம்னு யாராவது கொட்டேஷன் நீட்டுனா டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, எவ்ளோ குறையும்னு எழுதிக் கேளுங்க.

கேள்வி: அப்போ வீட்டு போர் தண்ணி உப்புக்கு? - அதே வாசகர்

பதில்: அதுக்கும் ஆகாதுங்க.