"தபெதா?" என்று கேட்டால் தப்பா?

ஜப்பானுக்கு வெளியே வளரும் ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக மொழி சொல்லிக்கொடுக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: டொராண்டோவில் எங்கள் பக்கத்து வீட்டு ஜப்பானியச் சிறுமி சனிக்கிழமை ஆனால் அழுதுகொண்டே பள்ளிக்குப் போகிறாள். அங்கே அப்படி என்னதான் நடக்கிறது?

பதில்: அது ஹொஷூகோ, வெளிநாட்டில் இருக்கும் ஜப்பானியப் பிள்ளைகளுக்கான வார இறுதிப் பள்ளி. கம்பெனி வேலையாக வந்து சில வருடத்தில் ஊர் திரும்பும் குடும்பங்களை மனதில் வைத்து உருவானது. அதனால் ஜப்பானில் நடத்தும் அதே பாடநூல்தான். முதல் வகுப்பில் 80 கான்ஜி (குடிக்கிற கஞ்சி இல்லை, சீனத்திலிருந்து வந்த எழுத்து), இரண்டாவதில் 160, மூன்றாவதில் 200. ஆறாவது முடிவதற்குள் மொத்தம் 1,026. அங்கே தினமும் படிப்பதை இங்கே ஒரே நாளில் திணிக்கிறார்கள். கனடாவிலேயே இருக்கப்போகிற பிள்ளைக்கும் இதே அளவுகோல் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: சார், வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளைகள் வெளியே ஏன் தடுமாறுகிறார்கள்?

பதில்: அவர்கள் காதில் விழுந்தது வீட்டுப் பேச்சு மட்டும்தான். "தபெதா?" என்றால் "சாப்பிட்டியா?". பெரியவர்களிடம் "மெஷிஅகரிமாஷிதா கா?" என்று கேட்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையன் தலைமையாசிரியரிடம் நேராகப் போய் "தபெதா?" என்றான். அவனுடைய அம்மா அப்படியே கூனிக் குறுகிப்போனார். தலைமையாசிரியரோ சிரித்துக்கொண்டே "தபெதா, தபெதா" என்றார்.

கேள்வி: மொழி போனால் அடையாளமும் போய்விடுமா?

பதில்: பிரேசிலைப் பாருங்கள். 1908இல் கசாதோ மாரு கப்பலில் 781 ஜப்பானியர் அங்குள்ள சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1938இல் பிரேசில் அதிபர் வர்காஸ் அரசின் கெடுபிடியால் ஜப்பானியப் பள்ளிகள் மூடப்பட்டன. பேரப்பிள்ளைகளில் பலருக்கு போர்ச்சுகீசியம்தான் வாய்க்கு வரும். ஆனாலும் தெருவில் அவர்கள் பெயர் "ஜப்பொனேஸ்", அதாவது ஜப்பான்காரர். 1990இல் ஜப்பான் தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் அவர்களில் நிறைய பேர் ஹமமாத்சு போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்களை "பிரேசில்காரர்" என்றார்கள். மொழியை நாம் விட்டாலும் முகத்தைப் பார்த்துப் பெயர் வைப்பவர்கள் விடுவதில்லை. அப்புறம், அந்தக் கப்பலிலேயே ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் மக்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வீட்டு மொழியே வேறு!

கேள்வி: ஜப்பானிய மொழியைப் பத்து வயதில் விட்டேன், இப்போது எனக்கு இருபது. என் அம்மா ஜப்பானியர். மறுபடி எங்கே தொடங்குவது?

பதில்: தொடக்க வகுப்பில் உட்காராதீர்கள், அலுத்துவிடும். மேல்வகுப்பில் கான்ஜி மிரட்டும். பாட்டிக்கு வாரம் ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். பாட்டி சொல்லும் பதிலை ஹிராகானாவில் (ஜப்பானிய மொழியின் எளிய ஒலியெழுத்து) எழுதிப் பாருங்கள். கான்ஜி அப்புறம்.