வரி ஏறியது, ஆர்டர் போனது: அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி: எங்கள் சரக்கை வாங்கும் நாடு இறக்குமதி வரியை ஏற்றியதில் ஆர்டர் பாதியாகிவிட்டது. அரசு உதவி கேட்டால், ‘வரியால் வந்த பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தவறு?

பதில்: விற்பனை சரிந்ததைக் காட்டியிருப்பீர்கள். வரியால்தான் சரிந்தது என்பதற்குக் காகிதம் வைத்தீர்களா? முதலில் எச்.எஸ். குறியீட்டைப் பாருங்கள். சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண் அது. அதன் முதல் 6 இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் பிரித்துக்கொள்வது. அமெரிக்காவில் அது 10 இலக்கம். வரி விழுவது வாங்கும் நாட்டின் குறியீட்டில். உங்கள் பில்லில் உள்ள எண்ணை அப்படியே எழுதினால் வரிப் பட்டியலோடு பொருந்தாமல் போகலாம். வாங்குபவர் சுங்கத்தில் தாக்கல் செய்த படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குறியீடு, கட்டிய வரி இரண்டும் அதிலேயே இருக்கும்.

அடுத்து, ஒப்பிடும் மாதங்கள். வரி வரப்போகிறது என்று தெரிந்ததும் வாங்குபவர்கள் சரக்கை முன்கூட்டியே அள்ளிக் குவிப்பார்கள். வீங்கிய அந்த மாதத்தோடு ஒப்பிட்டுச் சரிவைக் காட்டினால், பரிசீலிப்பவர் கண்ணில் உடனே படும். திட்ட விதி வேறு சொல்லாதவரை போன ஆண்டின் அதே மாதங்களை வையுங்கள். எண்ணிக்கை குறையாமல் விலையை மட்டும் இறக்கிக் கொடுத்திருந்தால் கிரெடிட் நோட்டும் (பில் தொகையைக் குறைத்து நீங்கள் தரும் சீட்டு), ‘வரியில் பாதி உங்கள் கணக்கு’ என்று வாங்குபவர் எழுதிய மின்னஞ்சலும்தான் சாட்சி. போனில் பேசி முடித்தது இங்கே செல்லாது.

கேள்வி: அரசு உத்தரவாதக் கடனைக் கட்டாவிட்டால் அரசே கட்டிவிடுமாமே? தவணையை 6 மாதம் தள்ளிப்போடலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. அரசு வங்கிக்குக் கொடுத்தாலும் உங்கள் கடன் அழியாது, வசூல் தொடரும்.

தவணை நின்றாலும் வட்டி நிற்காது. 10 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 12% என்றால், 6 மாதத்துக்குத் தனிவட்டி 60,000. மாதக் கூட்டுவட்டியில் 61,520. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அந்த வட்டியை அசலோடு சேர்த்துவிட்டால் மிச்சக் காலம் முழுக்க அதற்கும் வட்டி ஓடும். எப்போது, எத்தனை தவணையில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: மானியமாகக் கையில் பணம் தருவார்களா?

பதில்: திட்டத்தைப் பொறுத்தது. 2018-இல் சீனா பதில் வரி போட்டபோது அமெரிக்க அரசு சோயா விவசாயிகளுக்கு ஒரு புஷலுக்கு (சோயாவில் சுமார் 27 கிலோ) 1.65 டாலர் தந்தது. விளைச்சல்தான் கணக்கு, ஏற்றுமதி செய்தாரா என்பது அல்ல. அதே நாட்டில் இறக்குமதியால் பாதிக்கப்பட்ட நிறுவனங்களுக்கான பழைய திட்டமோ ரொக்கம் தரவில்லை. ஆலோசகர் செலவில் ஒரு பங்கை மட்டும் ஏற்றது.

செலவில் பங்கு தரும் திட்டங்களில் பொதுவாக முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், பிறகுதான் பணம் வரும். ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முந்தைய இன்வாய்ஸைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அவசரப்பட்டு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.