மாடியில் விமான ரிசீவர்: பிடிக்கும் தூரம் ஏன் சுருங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

விமானங்கள் தங்கள் இடம், உயரம், வேகத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே சொல்லிக்கொண்டு போகின்றன. ஏ.டி.எஸ்-பி எனப்படும் அந்தச் சிக்னலை வீட்டிலிருந்தே பிடிப்பவர்கள் குமரி மாவட்டத்திலிருந்து கேட்டவை இவை.

கேள்வி: மொட்டைமாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, அதன் அடியிலேயே ஆம்ப்ளிஃபையர், 15 மீட்டர் ஆர்.ஜி.6 கேபிள், கீழே டாங்கிளும் (யு.எஸ்.பி-யில் செருகும் ரிசீவர்) ராஸ்பெரி பையும் (சிறு கணினி). கடல் பக்கம் 220 கடல் மைல் வரை கிடைத்தது. ஆடி மழைக்குப் பிறகு எந்தத் திசையிலும் 110-ஐத் தாண்டவில்லை. மென்பொருளை மறுபடி நிறுவியும் பயனில்லை. – வாசகர், குளச்சல்

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கியிருப்பதால் மரத்தையோ கட்டடத்தையோ சந்தேகிக்க வேண்டாம். கோளாறு ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் இடையில்தான். தூரம் பாதியானால் சிக்னல் பலத்தில் 6 டெசிபல் போய்விட்டது என்று கணக்கு. உங்களுக்கு அதற்கும் மேலேயே போயிருக்கலாம். ஏனென்றால் முன்பு 220-இல் நின்றது சிக்னல் போதாமல் அல்ல, பூமியின் வளைவு மறைத்ததால்.

முதலில் மென்பொருளின் வரைபடத்தில் இரைச்சல் அளவைப் பாருங்கள். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கியிருந்தால் ஆம்ப்ளிஃபையருக்குக் கேபிள் வழியாக மின்சாரம் போகவில்லை, அல்லது அது செத்துவிட்டது. கேபிளை ஆம்ப்ளிஃபையர் முனையில் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளி உலோக உறைக்கும் இடையே மல்டிமீட்டரில் பாருங்கள்: 4.5 முதல் 5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால், மென்பொருளை மறுபடி நிறுவியபோது டாங்கிளிலிருந்து மின்சாரம் அனுப்பும் அமைப்பு அணைந்து போயிருக்கலாம். இது அடிக்கடி நடப்பது. மின்சாரம் சரியாக வந்தும் பயனில்லையென்றால், ஆம்ப்ளிஃபையரை விலக்கிவிட்டு ஆன்டெனாவை நேராகக் கேபிளில் மாட்டுங்கள். (மாட்டும் முன் அந்த மின்சாரத்தை அணைத்துவிடுங்கள், சில ஆன்டெனாக்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகவே செய்யப்பட்டவை.) தூரம் குறையவே இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்று முடிவு கட்டலாம்.

அடுத்தது கேபிள். இரண்டு முனையையும் கழற்றி, 20 மெகா ஓம் அளவில் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றிய உலோகப் பின்னலுக்கும் இடையே வையுங்கள். மீட்டர் எந்த எண்ணும் காட்டக் கூடாது. சில நூறு கிலோ ஓம் காட்டினாலே உள்ளே உப்புநீர் இருக்கிறது. பிறகு ஒரு முனையில் இரண்டையும் கம்பியால் சேர்த்து, மறுமுனையில் அளந்தால் 2 ஓமுக்குள் வர வேண்டும். மீட்டர் சரி என்று சொன்னாலும் ஆன்டெனா பக்கம் ஒரு சாண் வெட்டி, மேலுறையைச் சீவிப் பாருங்கள். பின்னல் பளபளப்பாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்திருந்தாலோ, கனெக்டரின் நடு ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ முழுக் கேபிளையும் மாற்றுங்கள். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் பின்னல் நீரை மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துவிடும்; முனையை மட்டும் வெட்டிப் போடுவது வீண் வேலை.

புதுக் கேபிளும் ஆர்.ஜி.6 ஆகவே இருக்கட்டும். டாங்கிள் 50 ஓம், இது 75 ஓம் என்று தயங்க வேண்டாம், அதனால் வரும் இழப்பு மிகச் சொற்பம். 15 மீட்டருக்கு ஆர்.ஜி.6 சுமார் 3 டெசிபல் தின்னும்; மெல்லிய ஆர்.ஜி.58 என்றால் 8 டெசிபலாவது போகும். இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால்தான் ஓட்டு வீட்டுக் கூரைபோல் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடி, நீர் வழிந்துவிடும். வெயிலுக்கு அதன் மேல் சாதா டேப். புளித்த வாடை வீசும் சிலிக்கான் பசையை மட்டும் தொடாதீர்கள், அந்த அமிலம் செம்பை அரிக்கும். கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும் கடற்கரையில் இந்த இணைப்பை வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: வடகிழக்கில் எப்போதுமே எட்டாது. இந்த வருடம் கிழக்கிலும் குறைந்துவிட்டது. கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தினால் இரண்டும் சரியாகுமா? – வாசகர், தக்கலை

கிழக்கு சரியாகலாம், வடகிழக்கு ஆகாது. அங்கே சுமார் 25 கிலோமீட்டரில் 1,654 மீட்டர் மகேந்திரகிரி நிற்கிறது. உங்கள் மாடியிலிருந்து அது ஏறக்குறைய மூன்றரை டிகிரி உயரம். அதன் தலைக்கு மேல் தெரிந்தால்தான் சிக்னல் வரும் என்பதால், 35,000 அடியில் பறக்கும் விமானம்கூட அந்தத் திசையில் 150 கிலோமீட்டர் வாக்கில் மறைந்துவிடும். 3 மீட்டர் கம்பம் மலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

கிழக்கில் புதிதாகக் குறைந்ததற்குத் தென்னை வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈர ஓலை இந்த அலைவரிசையை நன்றாகவே உறிஞ்சும். மழை நாளில் குறைந்து, காய்ந்ததும் ஓரளவு மீண்டால் சந்தேகமே வேண்டாம். ஓலைக்கு மேலே ஆன்டெனா நின்றால் போதும்.

கேள்வி: 200 மீட்டரில் புது செல்போன் டவர் வந்தபின் விமானங்கள் பாதியாகிவிட்டன. கெயினை (டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவை) 49.6-க்கு ஏற்றினால் இன்னும் மோசம். – வாசகர், நாகர்கோவில்

ஏற்றியதுதான் தவறு. 850, 900 மெகாஹெர்ட்ஸ் டவர்கள் நம் 1090-க்குப் பக்கத்து வீடு. டாங்கிள் அந்தச் சத்தத்தில் திணறும்போது கெயினைக் கூட்டினால் திணறலும் கூடும். 44.5, 40.2, 36.4 என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாள் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள், போக்குவரத்தே நேரத்துக்கு நேரம் மாறும். அப்படியும் தேறாவிட்டால் 1090 ஃபில்டர் ஒன்று வாங்கி, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் ஆம்ப்ளிஃபையரே டவரில் திணறிப்போன பிறகு வடிகட்டி என்ன பயன்?

கேள்வி: கொழும்பில் இறங்கும் விமானங்கள் பாதியிலேயே மறைகின்றன. ரிசீவர் பழுதா? – வாசகர், கன்னியாகுமரி

பழுது இல்லை. ஆன்டெனா, விமானம் இரண்டின் உயரங்களையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால், பார்க்கக்கூடிய தூரம் கிலோமீட்டரில் வரும். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க உங்களிடமிருந்து சுமார் 275 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆன்டெனாவுக்கு, அங்கே சுமார் 13,000 அடிக்குக் கீழே இறங்கும் விமானம் கடலின் வளைவுக்குப் பின்னால் போய்விடும்.