லார்சனும் 'சின்ன லீக்' கணக்கும்

கேள்வி: ஸ்வீடனின் கால்பந்து வீரர் ஹென்ரிக் லார்சன் கோல் குவித்ததெல்லாம் ஸ்காட்லாந்து லீக்கில்தானே? அவரை உலகத் தரம் என்று தூக்கி வைப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

பதில்: நீங்கள் சொல்லும் தள்ளுபடியை ஐரோப்பாவே போட்டுப் பார்த்துவிட்டது. ஐரோப்பிய லீக்குகளில் கோல் அடிப்பதில் முதலிடம் பிடிப்பவருக்குத் தரும் தங்கக் காலணி விருதுக்குப் பெரிய லீக்கில் அடித்த கோலுக்கு 2 புள்ளி, ஸ்காட்லாந்து கோலுக்கு 1.5தான். 2000-01இல் லார்சன் அடித்தது 35; பெருக்கினால் 52.5. இத்தாலியில் லாசியோவுக்கு ஆடிய கிரெஸ்போ 26 கோலுக்கு 52 வாங்கினார். கால்வாசி கழித்த பிறகும் முதலிடம் லார்சனுக்கே. அதுவும், 1999 அக்டோபரில் லியோனில் கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தவர்.

கிளாஸ்கோ நகரத்து அணியான செல்டிக்கில் 7 பருவங்களில் அடித்த 242 கோலை ஒதுக்கிவிடுங்கள். ரேஞ்சர்ஸைத் தவிர அங்கே வலுவான எதிரணி குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பிய கிளப்களுக்கான 2003 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் எதிரே நின்றது பயிற்சியாளர் மொரின்யோவின் போர்ட்டோ; அடுத்த ஆண்டே ஐரோப்பிய கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணி. செவில்லில் நடந்த அந்த ஆட்டத்தில் செல்டிக் 3-2 என்று தோற்றது. செல்டிக்கின் இரண்டு கோலும் லார்சனுடையவை, இரண்டும் தலையால் முட்டியவை. ஆறடிகூட இல்லாதவர், பக்கவாட்டிலிருந்து கோல் முன் வரும் பந்து (கிராஸ்) கிளம்பும் முன்பே டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நழுவிவிடுவதில்தான் சூட்சுமம்.

2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி, பாரிஸ். பத்துப் பேரோடு ஆடிய ஆர்சனல் 1-0 என முன்னிலை. 61ஆவது நிமிடம் பார்சிலோனா லார்சனை இறக்கியது. 76இல் பந்தைத் தொட்டும் தொடாமலும் சக வீரர் ஏட்டோவுக்குத் திருப்பிவிட்டார்: சமன். 80இல் ஓடிவந்த இன்னொரு சக வீரர் பெல்லெட்டியிடம் வாங்கி அவருக்கே திருப்பிக் கொடுத்தார்: 2-1. கோல் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் பிடிபடாமல் போவது இதனால்தான்.

தேசிய அணிக்கு 106 ஆட்டம், 37 கோல். 1994 உலகக் கோப்பையில் மூன்றாமிடம். 2006இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் சமன் செய்தவர், ஜெர்மனிக்கு எதிரான பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அனுப்பியதும் உண்டு.

குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் சரியான குறையைச் சொல்லுங்கள்: பார்சிலோனாவுக்குப் போகும்போது அவருக்கு 32 வயது. உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ இத்தாலியிலோ ஒரு பருவம்கூட ஆடவில்லை. அது திறமைக் கணக்கில் வராது. கிளாஸ்கோவை விட்டு நகராத அவருடைய முடிவு.