பெரிய பிரஸ்ஸுக்கு இப்போதே கடன் வாங்காதீர்கள்

ஆம்பூர் பக்கம் சின்னதாக ஷெட் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டேனரியில் கழியும் வெட் ப்ளூ ஷேவிங்ஸை (குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் சீவலை) அரைத்து, ரப்பர் பால் கலந்து, ஷூவுக்குள் காலடியில் வரும் இன்சோலுக்கு அட்டை செய்கிறேன். ஓரடிச் சதுர ஷீட் நன்றாக வருகிறது. ஷூ கம்பெனியில் மூன்றடி ஷீட் கேட்கிறார்கள். கடன் வாங்கிப் பெரிய பிரஸ் போடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஓரடி மூன்றடியானால் பரப்பு 9 மடங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும் 30 சென்டிமீட்டர் ஷீட்டுக்கு 18 டன் போதும், 90 சென்டிமீட்டருக்கு 162 டன் பிரஸ் வேண்டும். சரி, அதைக்கூட வாங்கிவிடலாம், ஆனால் பெரிய ஷீட்டில் ஓரம் முதலில் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் நிற்கும், இரண்டும் இழுத்துக்கொண்டு மூலை தூக்கிக்கொள்ளும். மே மாதத்தில் மொட்டைமாடியில் பலகை மாதிரி காய்ந்த அதே அட்டை ஐப்பசி மழையில் நெளியும். கனத்தை இரட்டிப்பாக்கினால் காய்கிற நேரம் கிட்டத்தட்ட நாலு மடங்காகும்.

அவசரத்தில் சூட்டை ஏற்றிக் காய வைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். ஷேவிங்ஸில் இருப்பது மூன்றாம் நிலை குரோமியம். அதிகச் சூடும் காரத்தன்மையும் சேர்ந்தால் அதில் கொஞ்சம் ஆறாம் நிலைக்கு மாறலாம், நச்சு அதுதான். ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா சேர்த்துத்தான் வருகிறது, அதனால் காரம் உங்கள் கலவையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் 2015 மே முதல் உடம்பில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. ஏற்றுமதி ஷூவுக்குப் போகும் சரக்கென்றால் பையர் முதலில் கேட்பது இந்தக் குரோமியம் டெஸ்ட் ரிப்போர்ட்டைத்தான். டெஸ்ட்டுக்கு அடையாறு சி.எல்.ஆர்.ஐ.யில் (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) பேசிப் பாருங்கள். ஒரு நல்ல ஷீட்டை மட்டும் பொறுக்கிக் கொண்டுபோகாமல், வெவ்வேறு வாரத்து ஷீட்டுகளைக் கொடுங்கள். ஆட்டுத்தோல் ஷேவிங்ஸும் மாட்டுத்தோல் ஷேவிங்ஸும் ஒரே மாதிரி அரையாது, எந்த லோடு எந்த டேனரி என்று நோட்டில் எழுதி வைக்காவிட்டால் கோளாறு எங்கே என்று பிடிக்கவே முடியாது.

வியாபாரத்துக்கு என்ன செய்வது? 8-ஆம் நம்பர் இன்சோலே 27, 28 சென்டிமீட்டர்தான், உங்கள் ஓரடி ஷீட்டில் மூன்று அடங்கும். ஷீட்டாக விற்காமல், பக்கத்தில் கிளிக்கிங் பிரஸ் (அச்சு வைத்துத் தோலை வெட்டும் மெஷின்) வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்கில் வெட்டி, கட் பீஸாகக் கொடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க ரிஜக்‌ஷன் இல்லாமல் போனால், அப்புறம் பிரஸ்ஸைப் பற்றிப் பேசலாம்.

அரைத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். பாலாற்றங்கரையில் இதை யாரும் சும்மா விடமாட்டார்கள், டேனரிக் கழிவு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் வந்ததுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை முதலிலேயே வாங்குங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவும் செய்துவிடுங்கள். சிறு நிறுவனத்துக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம், தாமதமானால் வட்டியும் கேட்கலாம்.